ஐந்தாம் நம்பர் கறுப்பு

வட சென்னையைப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் கறுப்பு பிடிக்கும். காசிமேட்டுப் படகு, எண்ணூர்ப் புகைபோக்கி, ராயபுரத்துத் தண்டவாளம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி, வலை பிரிக்கும் பெரியவரின் நெற்றிச் சுருக்கம் என்று எதை எடுத்தாலும், நடுவில் சாம்பலே இல்லாமல் கறுப்பும் வெள்ளையுமாகத்தான் வந்து நிற்கும். வானம் இப்போதே இடிந்து விழுந்துவிடும் போல இருக்கும். மனிதர்கள் கரியில் முக்கி எடுத்தது போல இருப்பார்கள். இன்ஸ்டாகிராமில் கொஞ்ச நேரம் இந்தப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால், இந்தப் பக்கம் வெயிலே அடிப்பதில்லையோ என்று சந்தேகம் வரும்.

நான் காலடிப்பேட்டைக்காரன். இங்கே வெயில் நன்றாகவே அடிக்கிறது. துணி காய்கிறது, வடாம் காய்கிறது, சுவரில் ஒட்டிய அரசியல்வாதியின் முகம் ஒரே மாதத்தில் வெளுத்துப் போகிறது. ஆனால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படங்களை நான் கையால் பிரிண்ட் போடுகிறேன். என் டார்க்ரூமில் ஒரு சின்ன உறைக்குள் பன்னிரண்டு பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. அதில் கடைசித் தாள், நல்ல அடர்ந்த மெஜந்தா நிறம், ஓரத்தில் 5 என்று எண் போட்டிருக்கும். எந்தச் சாதுவான படத்தையும் அது முரட்டுப் படமாக்கிவிடும்.

இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியது. அதன் வழியாக ஒரு மனிதரின் முகத்தைப் பற்றியதும்கூட.

*

காலடிப்பேட்டை என்ற பெயருக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர் இது. காலட்பேட்டை மக்கள் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. நெசவுக்காகப் பிறந்த ஊரைச் சுற்றிப் பின்னால் துறைமுகமும் தீப்பெட்டித் தொழிற்சாலையும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் வந்து சேர்ந்தன. 2021 பிப்ரவரியில் மெட்ரோவும் வந்துவிட்டது. உயரத்தில் இருக்கும் காலடிப்பேட்டை ஸ்டேஷன் நடைமேடையில் நின்றால் ஒரு பக்கம் கடல் இருப்பது காற்றிலேயே தெரியும்.

என் டார்க்ரூம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறை. ஜன்னல் கிடையாது, அதுதான் அதன் ஒரே தகுதி. கதவிடுக்கில் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு பல்பு, மூன்று டிரே. என்லார்ஜர், தண்டையார்பேட்டைப் பக்கம் மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது. கிட்டத்தட்ட பழைய இரும்பு விலைக்குத்தான் கொடுத்தார்கள். அதன் தலைக்குள் இரண்டு கனமான கண்டென்சர் லென்ஸ்கள். இந்த வகை என்லார்ஜர் இயல்பாகவே கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஒளியைப் பரப்பி அனுப்பும் வகையில் படம் சற்று மென்மையாக வரும்.

டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். மே மாதம் எங்கள் குழாயில் வரும் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் கட்டி டிரேயில் மிதக்க விடுவேன். நல்ல கனமான ஃபைபர் தாளில் பிரிண்ட் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அதை ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட தெருவில் அது நடக்கிற காரியமா? பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாளுக்கு இரண்டு நிமிட அலசல் போதும். என் அழகியலில் பாதி மெட்ரோ வாட்டர் முடிவு செய்தது.

வாடையும் ஒரு விஷயம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஜனங்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்தப் புது வாடையையும் யாரும் சும்மா விடுவதில்லை. ஸ்டாப் பாத்தின் புளித்த காடி வாடை படிக்கட்டு வழியாக மேலே போனதும் கதவைத் தட்டி, "இன்னாப்பா உள்ள பண்ற?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இப்படித்தான் நான் இருட்டில் உட்கார்ந்து போட்டோ கழுவுகிற விஷயம் தெரு முழுக்கத் தெரிந்தது.

*

ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் மீதிக் கதை புரியும்.

முன்பெல்லாம் தாளுக்குத்தான் நம்பர். மென்மையான தாள், நடுத்தரத் தாள், கடினமான தாள் என்று தனித்தனிப் பெட்டியாக வாங்க வேண்டும். நெகட்டிவ் சோகையாக இருந்தால் கடினத் தாள். நெகட்டிவே முரட்டுத்தனமாக இருந்தால் மென்மையான தாள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தப் பெட்டிகளில் நன்றாகத் தெரிந்த பெயர் 'இந்து'. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் தயாரிப்பு. பிரெஞ்சுத் தொழில்நுட்பம், நீலகிரிக் குளிர். வண்ணப் படம் கறுப்பு வெள்ளையைத் தள்ளியது, டிஜிட்டல் எல்லாவற்றையும் தள்ளியது, நிறுவனம் நோய்வாய்ப்பட்டு மூடப்பட்டது. பழைய ஸ்டூடியோ அலமாரிகளில் அந்த நிறுவனத்தின் காலிப் பெட்டிகள் ரசீது போட்டு வைக்க இன்றும் பயன்படுகின்றன.

பல பெட்டிகளுக்குப் பதிலாக ஒரே பெட்டி என்ற யோசனை அதற்கும் முந்தியது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனம் 1940இல் மல்டிகிரேட் என்ற தாளைக் கொண்டுவந்தது. தாள் ஒன்றுதான், விளக்கின் நிறத்தை மாற்றினால் கான்ட்ராஸ்ட் மாறும். இன்றைய மல்டிகிரேட் தாளில் மூன்று விதமான எமல்ஷன்கள் கலந்திருக்கின்றன. நீல ஒளி மூன்றுக்கும் ஒரே அளவில் உறைக்கும். பச்சை ஒளி அப்படி இல்லை. ஒன்றுக்கு நன்றாக உறைக்கும், ஒன்றுக்குச் சுமாராக, மூன்றாவதற்குக் கொஞ்சம்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை இப்படிச் சொல்வேன். ஓர் ஆலையில் மூன்று ஷிப்ட் ஆட்கள். மூன்று ஷிப்டையும் ஒரே சங்கில் வெளியே விட்டால் என்ன ஆகும்? ஒரு நிமிடம் முன்பு தெரு காலி. ஒரு நிமிடம் கழித்து நடக்க இடமில்லை. காலிக்கும் நெரிசலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நீல ஒளி தாளில் செய்வது அதுதான். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே தாவல். ஷிப்ட் ஷிப்டாக விட்டால் தெரு மெதுவாக நிறையும். முதலில் பத்துப் பேர், பிறகு ஐம்பது, பிறகு கூட்டம். பச்சை ஒளி அப்படி. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் நிறையப் படிகள்.

மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுத்துப் பச்சையை விடும். மெஜந்தா ஃபில்டர் பச்சையைத் தடுத்து நீலத்தை விடும். பன்னிரண்டு தாள்களும் 00 என்ற மென்மையிலிருந்து 5 என்ற முரட்டுத்தனம் வரை இந்த இரண்டு நிறங்களுக்கு இடையிலான பயணம்தான். 3½ வரை வெளிச்ச நேரம் மாறாது. 4இல் இருந்து இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். அந்த அடர் மெஜந்தா அவ்வளவு ஒளியைக் குடித்துவிடும்.

ஐந்தாம் நம்பர் ஃபில்டருக்கு ஒரு நியாயமான வேலை இருக்கிறது. வெளிச்சம் போதாமல் எடுத்த நெகட்டிவ் கண்ணாடி போல இளைத்திருக்கும். ஸ்டூடியோ மொழியில் 'தின்' நெகட்டிவ். சாதாரணமாகப் பிரிண்ட் போட்டால் சாம்பல் சேறு. அதில் புதைந்திருப்பதை இழுத்துப் பிடித்துத் தூக்க 4, 5 மாதிரி முரட்டுக் கை வேண்டும். இது மருந்து. நல்ல உடம்புக்கும் இதையே கொடுப்பதுதான் நாகரிகமாகிவிட்டது.

*

இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஆயா ஒருநாள் ஒரு கல்யாணப் பத்திரிகை உறைக்குள் வைத்து நெகட்டிவ் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆறு சென்டிமீட்டர் சதுரம், ஓரமெல்லாம் சுருண்டிருந்தது.

"தம்பி, நீ போட்டோ கழுவுறியாமே. இத்தக் கொஞ்சம் பாரு. இதான் எங்க வூட்டுக்காரரு. பாத்தா பேய் மாரி கீறாரு, நெகட்டிவுல எல்லாரும் அப்டித்தான்னு சொன்னாங்க."

கணவர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹார்பரில் கரி இறக்குகிற வேலை. அவருடைய ஒரே படம் இதுதான். சுவரில் மாட்டியிருந்த பிரிண்ட், 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஃபிரேமோடு ஊறி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது. நெகட்டிவ் பரணில் இரும்புப் பெட்டியில் இருந்ததால் பிழைத்தது.

என்னிடம் வருவதற்கு முன் பேரன் அதை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து, ஏதோ ஒரு செயலியில் போட்டுச் 'சரிசெய்து' வாங்கியிருந்தான். அதையும் ஆயா கொண்டுவந்திருந்தார். பளபளப்பான வண்ணப் படம். கன்னத்தில் ஒரு துளை இல்லை. உதட்டில் ரோஜா நிறம். சட்டைக்கு நீலம். நிறமோ கல்யாண மாப்பிள்ளைக்குப் பவுடர் போட்டது போல.

"இது யாருப்பா? ஆளு நல்லாத்தான் கீறான், சினிமால வர்றவன் மாரி. ஆனா எனக்கு இவரத் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்ததையும் நான் பார்த்தேன்.

இதைப் புது தொழில்நுட்பத்தின் குறும்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். நம் ஸ்டூடியோக்கள் பல பத்தாண்டுகளாக இதைக் கையால் செய்திருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமென்றால் நெகட்டிவை ஒளிமேசையில் வைத்து, கூர் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கூடுகிற கறுப்பு பிரிண்டில் வெளுப்பாகும். பொறுமையான, நுணுக்கமான வேலை. அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை அக்காக்கள் தங்கள் முகமே இல்லாத படத்தை வைத்துக் கல்யாணமாகிப் போயிருக்கிறார்கள்!

பிலிமும் அப்பாவி இல்லை. ஆரம்பகால ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நம் மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் சிவப்புதான் அதிகம். அதனால் அந்தப் பிலிமில் நம்மவர்கள் இருக்கிற நிறத்தைவிடக் கறுத்துத் தெரிந்தார்கள். அதற்கும் முந்தைய பூச்சுகளுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும் என்பதால் வானம் மொட்டை வெள்ளையாகிவிடும். 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், மதராஸ் அரசாங்கத்தின் அதிகாரபூர்வ போட்டோகிராபர், தன் காகித நெகட்டிவ்களின் மேல் சாயம் பூசி மேகங்களை வரைந்துகொண்டார். வானத்துக்குச் செய்த உபகாரத்தை முகத்துக்கும் செய்ய வேண்டும் என்று பிறகு எல்லோருக்கும் தோன்றிவிட்டது போல.

*

ஆயாவின் நெகட்டிவ் நல்ல 'தின்'. மச்சான் முறையில் ஒருவர் கேமரா கொண்டுவந்து எடுத்ததாம். சதுர வடிவத்தையும் ஓரங்களில் தெளிவு குறைந்திருந்ததையும் பார்த்தால் அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லோர் கையிலும் இருந்த ஆக்ஃபா கிளிக் வகைப் பெட்டியாக இருக்கலாம். நல்ல வெயிலுக்கென்று செய்த கேமரா. சாயங்காலத்தில் எடுத்தால் நெகட்டிவ் இப்படித்தான் இளைக்கும்.

ஆயா கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும் என்று மூன்று பிரிண்ட் போட்டேன். 2, 3½, 5.

இரண்டாம் நம்பரில் அவர் மார்கழிப் பனிக்குள் நின்றார். சுவர் சாம்பல், சட்டை சாம்பல், முகமும் சாம்பல்.

மூன்றரையில் ஆள் வந்தார். ஆனாலும் ஒரு சோர்வு.

ஐந்தாம் நம்பர் பிரிண்ட் டெவலப்பரில் வந்ததை எப்படிச் சொல்வது! சிவப்பு வெளிச்சத்தில் முதலில் சட்டையின் மடிப்புகள் கோடு கோடாக எழுந்தன. பிறகு தலைமுடி. பிறகு சட்டென்று முகத்தின் வலது பாதி முழுவதும் கறுப்பில் இறங்கி, இடது கன்ன எலும்பு மட்டும் கத்தி போல மின்னியது. சுவரின் காரை பெயர்ந்த இடம்கூட நாடகமாகிவிட்டது. துறைமுகக் கரித் தொழிலாளி என்று தலைப்பு வைத்து எந்தக் கண்காட்சியிலும் மாட்டலாம். பார்க்கிறவர்கள் இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள்.

மூன்றும் காய்ந்ததும் ஆயாவைக் கூப்பிட்டு, திண்ணையில் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தேன். மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஐந்தாம் நம்பரைக் கையில் எடுத்தார்.

"இது வேல முடிச்சி வர்ற மூஞ்சி."

"நல்லா இல்லியா ஆயா?"

"நல்லா இல்லன்னு சொல்லல. வேல முடிச்சி வந்தா இப்டித்தான் இருப்பாரு. கண்ணும் பல்லுந்தான் தெரியும். ஆனா அன்னிக்கி வேல இல்லப்பா. பொங்கலுக்கு மறுநாளு. குளிச்சிட்டு, புதுச் சட்ட போட்டுக்கினு நின்னாரு. தலையப் பாரு, ஈரம். ரெண்டு தபா சோப்பு போட்டாத்தான் கரி போவும். அன்னிக்கி மூணு தபா போட்டாரு, போட்டோன்னு சொன்னதும்."

நான் நெகட்டிவை மறுபடி விளக்கின் மேல் வைத்து லூப்பில் பார்த்தேன். ஆயா சொன்னது அங்கே இருந்தது. முடி படிந்து சீவிய கோடுகள். காலருக்கு மேலே கழுத்தில் ஒரு மினுமினுப்பு. ஒரு மனிதன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றதை, அரை நிமிட வெளிச்சத்தில் அந்த மெஜந்தாத் தாள் திரும்பவும் பூசிவிட்டது.

*

கரி இந்தப் பகுதியில் உவமை இல்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கிய காலத்தில் ராயபுரம் பக்கம் கொடியில் காயப்போட்ட துணி, மூடாத சோற்றுப் பானை, குழந்தையின் மூக்கு எல்லாவற்றிலும் தூசி படியும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் அது நின்றது. கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. தூசி ஊரைவிட்டுப் போகவில்லை, கொஞ்சம் தள்ளிப் போயிற்று. ஆக, இந்த ஊரைக் கறுப்பாகக் காட்டுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லிவிட முடியாது. சாம்பல் கொட்டிய கொசஸ்தலை ஆற்றையும் எண்ணெய் மிதந்த எண்ணூர்க் கழிமுகத்தையும் மென்மையான ஃபில்டரில் போட்டு அழகு பார்ப்பது அதைவிடப் பெரிய பொய்.

ஆனாலும் கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கிலும் இதே மாதிரி ஒரு கரி நாடு. 1937இல் பில் பிராண்ட் அங்கே போய் ஒரு படம் எடுத்தார். வேலையில்லாத ஒருவர், பொறுக்கிய கரியை மூட்டையாகக் கட்டிச் சைக்கிளில் வைத்து, ஜாரோ என்ற ஊருக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். பிராண்ட் அந்தக் காலத்தில் தன் படங்களைச் சாம்பல் நிறைந்த பிரிண்ட்டுகளாகத்தான் போட்டார். பிற்காலத்தில் அதே பழைய நெகட்டிவ்களை எடுத்துக் கடினமான தாளில், கறுப்பும் வெள்ளையும் மோத, திரும்பப் போட்டார். இன்று உலகம் அறிந்த பிராண்ட் அந்தப் பிந்தைய பிராண்ட்தான். நெகட்டிவ் அதேதான், சைக்கிள்காரரும் அவரேதான். ரசனை மாறியது, அவர் இன்னும் கறுத்தார்.

இன்னொரு பக்கம் ராய் டிகாராவா. நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினக் கலைஞர். தன் தெருவையும் அண்டை வீட்டாரையும் எடுத்தவர். 1955இல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸோடு சேர்ந்து ஒரு சின்னப் புத்தகமாக அவற்றை வெளியிட்டார். அவருடைய பிரிண்ட்டுகளும் இருட்டானவைதான். ஆனால் அந்த இருட்டுக்குள் படிகள் இருக்கின்றன. கறுப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் குறைந்த கறுப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. கண் பழகப் பழக ஒரு நெற்றி, ஒரு தோள், ஒரு கை தெரிய வரும். தன்னைச் சேர்ந்தவர்களின் தோலை வெளுக்கவும் இல்லை, கரியாக்கவும் இல்லை. கறுப்பு என்பது ஒரே நிறம் இல்லை என்று தெரிந்தவரின் பிரிண்ட் அது.

கான்ட்ராஸ்ட் கூடக் கூட நடுவில் இருக்கும் படிகள்தான் முதலில் போகும். நம் தோல் இருப்பது அந்த நடுவில். வெள்ளைச் சட்டைக்கும் கறுப்பு நிழலுக்கும் ஐந்தாம் நம்பர் ஃபில்டர் ஒரு கெடுதலும் செய்யாது. அவை இன்னும் எடுப்பாகும். மாநிற முகம்தான் ஏதாவது ஒரு பக்கம் தள்ளப்படும், கரியாக அல்லது சுண்ணாம்பாக. கடையின் செயலி சுண்ணாம்புப் பக்கம் தள்ளியது. கண்காட்சிக்காரர்களின் ரசனை கரிப் பக்கம் தள்ளுகிறது. இரண்டிலும் அந்த மனிதர் குளித்துவிட்டு வந்தது தெரியாது.

*

கடைசியில் போட்ட பிரிண்ட்டுக்கு இரண்டு ஃபில்டர். ஒரே தாளில் முரட்டு ஃபில்டரையும் மென்மையான ஃபில்டரையும் அடுத்தடுத்து வைத்து ஒளி கொடுப்பதை ஸ்ப்ளிட் கிரேடு என்பார்கள். தாளுக்கு அது ஒரே படம்தான், எதை முதலில் கொடுத்தாலும் ஒன்றுதான்.

முதலில் 4ஆம் நம்பர், முழுப் படத்துக்கும் 22 விநாடி. அதில் பாதி நேரம், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் ஒட்டிய ஒரு வட்ட அட்டையால் முகத்தை மறைத்து, ஓரம் தெரியாமல் இருக்க ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஃபில்டரை மாற்றி 1ஆம் நம்பர். இப்போது ஓட்டை போட்ட பெரிய அட்டை. ஓட்டை வழியாக முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் 7 விநாடி. நான்கு தாள் போன பிறகுதான் அட்டையின் அளவும் கையின் ஆட்டமும் சரியாக வந்தன.

முகத்தில் நெற்றிக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு வித்தியாசம் வந்தது. மூக்கின் பக்கவாட்டில் நிழல் இறங்கியது, ஆனால் கறுப்பாக இல்லை. வலது கண்ணுக்குக் கீழே ஒரு சின்னப் பகுதி மட்டும் பிடிபடவில்லை. அங்கே பிலிமில் வெள்ளியே இல்லை, வெறும் கண்ணாடி. நெகட்டிவில் பதியாததை எந்த நம்பர் ஃபில்டரும் கொண்டுவராது. செயலி அந்த இடத்தில் வேறு யாரோ ஒருவரின் கண்ணிமையை வைத்துத் தைத்திருந்தது. நான் அதை இருட்டாகவே விட்டேன்.

கைகளுக்கு 1ஆம் நம்பர் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் தொங்கும் அந்தக் கைகள் 4ஆம் நம்பரிலேயே நின்றன. விரல் நரம்பும் நகமும் கோடு கோடாகத் தெரிந்தன. பொருத்தமில்லாமல் போகுமோ என்ற யோசனை இருந்தது. ஆயா அதைத்தான் முதலில் பார்த்தார்.

"கை சரியா கீது. மூஞ்சி எவ்ளோ கழுவுனாலும் நகத்துல இருக்கிறது போவாது. சாவுற வரிக்கும் போவல."

முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தொடப் போய், அழுக்காகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பொங்கல் அன்னிக்கி இதான்" என்றார்.

பிரிண்ட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: நம்பர் 4, 22 விநாடி, முகம் பாதி மறைப்பு, நம்பர் 1, முகத்துக்கு 7. பேரன், "அதெல்லாம் எதுக்குண்ணா?" என்று கேட்டான். "திரும்ப ஊறிப்போனா வேற யாராவது போட்டுக் குடுக்கணும்ல" என்றேன். இன்னொருவர் என்லார்ஜரில் விநாடி மாறும். ஆனால் முகத்துக்கு ஒன்று, கைக்கு வேறொன்று என்பது மாறாது.

கிளம்பும்போது ஆயா திண்ணையில் கிடந்த மற்ற மூன்றையும் பார்த்தார். பனி மாதிரி இருந்ததையும் சோர்ந்திருந்ததையும் ஒதுக்கிவிட்டு ஐந்தாம் நம்பரை எடுத்தார்.

"இத்த இன்னா பண்ணுவ?"

"நானே வச்சிக்கலாம்னு இருந்தேன் ஆயா."

"குடு. இதுவும் அவருதான். மத்த நாளெல்லாம் இப்டித்தான வூட்டுக்கு வந்தாரு."

புதுச் சட்டைக்காரர் சுவருக்குப் போனார். இன்னொருவரைக் கல்யாணப் பத்திரிகை உறையில் நெகட்டிவோடு சேர்த்து வைத்து, பரணில் தண்ணீர் எட்டாத உயரத்தில், இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.